தொலைக்காட்சிப் பெட்டியும் பதிவிறக்கிய படமும்



நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அமரவிளையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையை அடைகின்றது. அங்கே ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்குகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பெற்றபோது, பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும், எல்லைக்கு இப்பாலுள்ள சிற்றூர்களில் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அத்தகைய வீடுகள் பலவற்றில் பாட்டி தமிழ் படிப்பார். மலையாளப் பள்ளியில் பயிலும் பேரக்குழந்தையோ தமிழ் பேசும், ஆனால் படிக்கத் தடுமாறும்.

இவ்வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வெறும் பொழுதுபோக்குக் கருவி அன்று. அது தமிழ் எழுத்தைக் காட்டும் பலகையும் ஆகும். தமிழ்நாட்டரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-இல் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள், பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடியிருந்த வேளையில், கேரளத்தில் கைட் விக்டேர்ஸ் அலைவரிசையின் வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ பாடங்கள் தொடங்கின. தமிழ்வழி மாணவர்க்குரிய பாடங்கள் இணையத்தின் வழியாக வழங்கப்பெற்றன. அன்று தொடங்கி, பாடங்களையும் கதைகளையும் குடும்ப நிகழ்ச்சிகளையும் கோப்பாகப் பெற்று, ஒரு சிறு பென் டிரைவில் ஏற்றி, வீட்டுத் தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. இணைய இணைப்பு ஒழுங்காகக் கிடைக்காத வீட்டிற்கு இஃது ஒரு நல்ல வழியே.

ஆனால் செருகியவுடன் படம் ஓடிவிடுவதில்லை. சில வேளை கோப்பின் பெயரே தெரிவதில்லை. சில வேளை ‘இக்கோப்பை இயக்க இயலாது’ என்று பெட்டி கைவிரிக்கின்றது. சில வேளை படம் ஓடுகின்றது, பேச்சுக் கேட்பதில்லை. “படம் ஓடுது, சத்தம் ஒண்ணும் கேக்கல்லியே, மக்களே” என்று பாட்டி சொல்ல, பேரன் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து அலுத்துப்போவதை எல்லையூர் வீடொன்றில் நாமே கண்டிருக்கின்றோம். இறுதியில், பெட்டி பழுது என்றோ, கோப்புக் கெட்டது என்றோ முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. பெட்டியும் நன்றாக இருக்கின்றது. கோப்பும் நன்றாக இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு இல்லை, அவ்வளவே. அந்த உடன்பாட்டை எங்ஙனம் உண்டாக்குவது என்பதே இவ்வுரையின் பொருள்.

வானொலியிலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் இத்தொல்லை எழுவதில்லை. காரணம் என்ன? ஒளிபரப்பில் அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே முறையை ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியபோது, இந்தியாவில் விற்ற பெட்டிகள் அனைத்தும் அந்த ஒளிபரப்பு முறைக்கென்றே செய்யப்பட்டவை. கோப்புகளின் நிலை வேறு. ஒரு கோப்பைச் சென்னையில் ஒருவர் செய்கின்றார். மற்றொன்றைத் துபாயிலிருக்கும் மகன் தம் கைப்பேசியில் செய்கின்றார். ஒவ்வொருவரும் தமக்கு இசைந்த முறையைக் கையாளுகின்றனர். தொலைக்காட்சிப் பெட்டியோ அது செய்யப்பட்ட ஆண்டில் வழங்கிய சில முறைகளை மட்டுமே அறியும்.

முதலில், படத்தைச் சுருக்கி வைக்கும் தேவை ஏன் எழுந்தது என்பதைப் பார்ப்போம். இக்காலத்து முழு எச்டி திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டு வேண்டுமெனில், ஒரு படத்திற்கு 62 லட்சம் பைட்டுக்கு மேல் ஆகும். நொடிக்கு 25 படங்கள் வீதம் அரை மணி நேரப் பாடம் ஒன்றை அப்படியே சேமித்தால் ஏறத்தாழ 280 ஜிகாபைட்டு இடம் வேண்டும். ஆனால் நமக்குக் கிடைக்கும் அரை மணி நேரக் கோப்பு ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவாகவே இருக்கக் காண்கின்றோம். முந்நூறில் ஒரு பங்காக அதனைச் சுருக்கும் முறைக்குத்தான் ‘கோடெக்’ என்று பெயர். அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் எழுதுவது இம்முறையின் அடிப்படை. ஆசிரியர் கரும்பலகைமுன் நின்று பேசும்பொழுது பலகை மாறுவதில்லை. அவர் கையும் வாயும் மட்டுமே மாறுகின்றன அல்லவா?

சுருக்கியதை விரிப்பதற்கு அதே முறையை அறிந்த கருவி வேண்டும். கணிப்பொறியில் இதனை மென்பொருள் செய்கின்றது; புதிய முறை வந்தால் புதிய மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். தொலைக்காட்சிப் பெட்டியிலோ ஒரு சிறு சில்லுக்குள் இவ்வேலை பெரும்பாலும் நிலையாக அமைக்கப்பட்டிருக்கின்றது. அச்சில்லு அறியாத முறையைப் பின்னாளில் கற்பிப்பது அரிது. மடிக்கணினியில் ஓடும் படம் தொலைக்காட்சியில் ஓடாததன் முதற்காரணம் இதுவே.

இனி, கோப்பின் பெயரைப் பற்றிய ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயருக்கு இறுதியில் எம்பி4 என்றோ, எம்கேவி என்றோ, ஏவிஐ என்றோ ஓர் ஒட்டு நிற்கும். அது பெட்டியின் பெயரேயன்றி உள்ளிருக்கும் பண்டத்தின் பெயரன்று. பனையோலைப் பெட்டியில் கருப்பட்டியும் வைக்கலாம், புளியும் வைக்கலாம். பெட்டியைப் பார்த்து உள்ளே இருப்பது இன்னதென்று சொல்ல இயலுமா? அதுபோலவே, எம்பி4 என்னும் ஒரே பெட்டிக்குள் 2003-இல் வந்த எச்.264 முறைப்படி சுருக்கிய படமும் இருக்கலாம். 2013-இல் வந்த எச்.265 முறைப்படி சுருக்கிய படமும் இருக்கலாம். 2018-இல் வந்த ஏவி1 முறைப்படி சுருக்கியதும் இருக்கலாம். “நேற்று ஓர் எம்பி4 ஓடிற்றே, இன்று மற்றோர் எம்பி4 ஏன் ஓடவில்லை?” என்ற வினாவிற்கு விடை இதில் அடங்கியிருக்கின்றது. கோப்பின் ஒட்டெழுத்துகளை மட்டும் மாற்றிப் பெயரிட்டுப் பயனில்லை என்பதும் இதனால் விளங்கும்.

பென் டிரைவிலிருந்து திரைவரை ஒரு படம் ஐந்து வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கின்றது. எந்த வாயிலில் தடை என்று அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வாயில் பென் டிரைவ். கோப்புகளை அடுக்கி வைப்பதற்கு அதனுள் ஒரு முறை உண்டு. எஃப்ஏடி32 என்னும் பழைய முறையை ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சிகளும் அறியும். ஆனால் அதில் 4 ஜிகாபைட்டு அளவை எட்டும் தனிக்கோப்பை வைக்க இயலாது. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் என்னும் முறைகளில் இவ்வரம்பு இல்லை. ஆனால் பழைய பெட்டிகள் சில அவற்றை அறியா. டிரைவைச் செருகியும் ஒரு கோப்பும் தெரியவில்லையெனில் இவ்வாயிலிலேயே தடை என்க. டிரைவை எஃப்ஏடி32 முறைக்கு மாற்றியமைத்தால் தீரும். மாற்றியமைக்கும்பொழுது உள்ளிருப்பவை யாவும் அழிந்துவிடும். ஆதலின் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பென் டிரைவுக்குப் பதிலாகச் சுழலும் வட்டு உள்ள பெரிய ஹார்டு டிஸ்கைச் செருகினால், தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளை தரும் மின்சாரம் அதற்குப் போதாமற்போவதும் உண்டு.

இரண்டாம் வாயில், முன்னர்க் கூறிய பெட்டி. எம்பி4 எங்கும் செல்லும். ‘மட்ரோஷ்கா’ என்னும் ருசிய நாட்டு அடுக்குப் பொம்மையின் பெயரைத் தழுவிய எம்கேவி பெட்டி 2002-இல் தோன்றியது. ஒரே கோப்பில் பல மொழிப் பேச்சுகளையும் பல எழுத்துவரிகளையும் அடுக்கி வைக்க அது மிக ஏற்றது. ஆயினும் எல்லாத் தொலைக்காட்சிகளும் அதனைத் திறப்பதில்லை.

மூன்றாம் வாயில் படத்தின் கோடெக். எச்.264 முறையைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பெட்டிகள் ஏறத்தாழ எல்லாம் அறியும். எச்.265 அதே தரமான படத்தை ஏறத்தாழப் பாதி அளவில் அடக்கிவிடும்; ஆனால் பழைய எச்டி பெட்டிகள் பலவற்றிற்கு அது தெரியாது. ஐபோன்கள் 2017-ஆம் ஆண்டு முதல் எச்.265 முறையிலேயே படம் பிடிக்கும் வண்ணம் அமைந்து வருகின்றன. வளைகுடா நாட்டிலிருந்து மகன் அனுப்பிய பிறந்தநாள் படம் வீட்டுத் தொலைக்காட்சியில் திறக்க மறுப்பதற்கு இது ஒரு பெருங்காரணம். இன்னொரு நுட்பமும் உண்டு. பெரும்பாலான கோப்புகளில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் வைக்கப்படும். இதனை 8 பிட் என்பர். சிலவற்றில் 1,024 படிகள் வைக்கப்படும். இது 10 பிட். எச்.264 முறையில் 10 பிட்டாகச் சுருக்கிய படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் மிகப் பல இயக்கமாட்டா. படம் கறுத்தோ, கட்டங்கட்டமாகச் சிதறியோ தோன்றினால் இதனை நினைவில் கொள்க.

நான்காம் வாயில் ஒலியின் கோடெக். படத்திற்கு ஒரு கோடெக் இருப்பதுபோல ஒலிக்கும் தனியே ஒன்று உண்டு. ஏஏசி, எம்பி3 ஆகியவை எளிதாகக் கேட்கும். ஏசி-3, டிடிஎஸ் ஆகியவை திரையரங்கு ஒலிக்கென வளர்ந்த முறைகள். அவற்றைக் கையாளத் தயாரிப்பாளர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், சில பெட்டிகளில் அவ்வசதி சேர்க்கப்படவில்லை. படம் தெளிவாக ஓடிப் பேச்சு மட்டும் கேளாவிடின், இவ்வாயிலிலேயே தடை. நாம் கண்ட அந்த வீட்டில் நேர்ந்ததும் இதுதான். ஒலியை எவ்வளவு கூட்டினும் பயனில்லை; அம்மொழியைப் பெட்டி அறியாது.

ஐந்தாம் வாயில் எழுத்து. அஃதாவது, படத்தின் அடியில் ஓடும் எழுத்துவரி. எல்லையூர்த் தமிழருக்கு இதுவே மிக இன்றியமையாதது. ஆதலின் இதனைப் பின்னர்த் தனியே விரித்துக் கூறுவோம்.

எந்த வாயிலில் தடை என்று எப்படி அறிவது? விஎல்சி என்னும் விலையில்லா மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவிக்கொண்டால் போதும். பாரிசு நகரத்து மாணவர் குழு ஒன்றின் முயற்சியாகத் தொடங்கி, 2001 முதல் யாவர்க்கும் உரிய திறந்த மென்பொருளாக வழங்கி வருவது அது. படத்தை அதில் ஓடவிட்டு, ‘டூல்ஸ்’ என்ற பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் திறந்தால், படம் எம்முறையில் உள்ளது, ஒலி எம்முறையில் உள்ளது, எழுத்துவரி உண்டா என்ற விவரம் அனைத்தும் வரிசையாகத் தோன்றும். ‘ஏவிசி’ என்றிருந்தால் அது எச்.264, ‘எச்இவிசி’ என்றிருந்தால் அது எச்.265; ‘ஏ52’ என்றிருந்தால் அது ஏசி-3. இம்மூன்று மாற்றுப் பெயர்களையும் அறிந்தவர்க்கு மயக்கம் நேராது. கிடைத்த விவரத்தைத் தொலைக்காட்சியுடன் வந்த கையேட்டிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தடை எங்கே என்று தெரிந்துவிடும்.

இனி மருந்து. சிறிய மருந்தால் தீரும் நோய்க்குப் பெரிய மருந்து கொடுத்தல் கூடாது. ஆகவே எளியதிலிருந்து தொடங்குவோம்.

கோப்பில் இரு மொழிப் பேச்சு இருந்து, மலையாளம் மட்டும் கேட்டுத் தமிழ் கேளாவிடில், தொலைக்காட்சியின் கைக்கருவியில் ‘ஆடியோ’ என்ற பொத்தானையோ, படம் ஓடும்போது தோன்றும் பட்டியலையோ நாடித் தமிழைத் தெரிந்தெடுக்கலாம். இதற்குக் கோப்பைத் தொடவே வேண்டுவதில்லை. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியாக இருந்தால், விஎல்சி மென்பொருளையே அதில் நிறுவிக்கொள்ளலாம். பெட்டியோடு வந்த இயக்கி மறுக்கும் ஒலியையும் எழுத்தையும் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மடிக்கணினி கையில் இருந்தால், எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்துவிடலாம். அப்பொழுது விரிக்கும் வேலையைக் கணிப்பொறி செய்யும். தொலைக்காட்சி வெறும் திரையாக நிற்கும். அவசரத்திற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இவை இயலாதபோதுதான் கோப்பை மாற்ற வேண்டும். மாற்றுவதில் இரு வகை உண்டு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையாலேயே பலர் வீணாக மணிக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

முதல் வகை, பெட்டியை மட்டும் மாற்றுதல். களியக்காவிளையில் ஒரு மாநிலத்துப் பேருந்திலிருந்து இறங்கி மற்றொரு மாநிலத்துப் பேருந்தில் ஏறும் பயணியை நினைத்துப் பாருங்கள். வண்டி மாறுகின்றது, பயணி மாறுவதில்லை. எம்கேவி பெட்டியிலுள்ள எச்.264 படத்தை எடுத்து எம்பி4 பெட்டியில் வைப்பதும் இத்தகையதே. சில நிமிடங்களில் முடியும். படத்தின் தரம் இம்மியும் குறையாது.

இரண்டாம் வகை, கோடெக்கையே மாற்றுதல். இது மொழிபெயர்ப்புப் போன்றது. எச்.265 முறையில் உள்ளதை முழுவதும் விரித்து, எச்.264 முறையில் மீண்டும் சுருக்க வேண்டும். நேரம் மிகுதியாகும், பழைய கணிப்பொறியில் படத்தின் நீளத்தைவிடக் கூடுதலான நேரம் பிடிக்கலாம். மொழிபெயர்ப்பில் மூலத்தின் சுவை சிறிதேனும் குறைவதுபோலப் படத்தின் தெளிவும் சிறிது குறையும். ஆதலின் வேறு வழியில்லாதபோது மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும். ஒருமுறை மாற்றியதையே மறுமுறையும் மாற்றலாகாது. மூலக்கோப்பைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.

இவற்றுக்கு வேண்டிய கருவிகள் யாவும் விலையின்றியே கிடைக்கின்றன. ‘அவிடமக்ஸ்’ என்னும் மென்பொருளில் படத்தைத் திறந்து, படத்திற்கு ‘காப்பி’ என்றும், ஒலிக்கு ‘ஏஏசி’ என்றும், பெட்டிக்கு ‘எம்பி4’ என்றும் தெரிந்தெடுத்துச் சேமித்தால், படம் தொடப்படாமல் ஒலி மட்டும் மொழிபெயர்க்கப்படும். நாம் கண்ட வீட்டுப் பாட்டியின் குறைக்கு உரிய மருந்து இதுவே. சில நிமிட வேலை. படத்தையே மாற்ற வேண்டுமாயின் ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் மென்பொருள் உதவும். அதில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்னும் ஆயத்த அமைப்பைத் தெரிந்தெடுத்தால் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்புக் கிடைக்கும். முழுப் படத்தையும் மாற்றுமுன் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றித் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை. கைப்பேசியில் பிடித்த படம் தொலைக்காட்சியில் பக்கவாட்டில் சாய்ந்து தோன்றினால், அதனையும் இங்கேயே நிமிர்த்திக்கொள்ளலாம். கைப்பேசி படத்தைத் திருப்பி எழுதாமல் ‘திருப்பிக் காட்டுக’ என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கின்றது. சில தொலைக்காட்சிகள் அக்குறிப்பைப் படிப்பதில்லை.

இனி எழுத்துக்கு வருவோம்.

எழுத்துவரி பெரும்பாலும் எஸ்ஆர்டி என்னும் தனிக்கோப்பாக வரும். எந்த நொடியில் எந்த வரி தோன்ற வேண்டும் என்ற பட்டியலே அது. படக்கோப்பின் பெயரும் இதன் பெயரும் ஒன்றாக இருந்து, இறுதி ஒட்டு மட்டும் வேறுபட்டு, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் தொலைக்காட்சி இவற்றை இணைக்கும். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் எழுத்துவரி தோன்றாது. இது முதற் குறிப்பு.

எழுத்துவரி தோன்றியும் தமிழுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து தோன்றினால், கோப்பின் குறிமுறை பொருந்தவில்லை என்று பொருள். பழைய கோப்புகள் சில அக்காலத்தில் வழங்கிய பலவகை எழுத்துருக்களின் குறிமுறையில் எழுதப்பட்டவை. இன்று உலகெங்கும் வழங்குவது யூனிகோடு. தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய குறிமுறையில் உள்ளதை முதலில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு, பின்னர்ச் சேமிக்கும்பொழுது யூடிஎஃப்-8 என்னும் முறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தோன்றினால் காரணம் வேறு: அத்தொலைக்காட்சியில் தமிழ் எழுத்துருவே இல்லை.

மூன்றாவது குறை நுட்பமானது. அதுவே தீங்கு மிக்கது. தமிழில் எ, ஏ, ஐ ஆகிய உயிர்களின் குறிகள் எழுத்துக்கு முன்னே நிற்பவை. ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் குறிகள் எழுத்தின் இருபுறமும் நிற்பவை. ஆனால் கோப்பில் இவை ஒலிவரிசைப்படியே எழுதப்பெறுகின்றன: முதலில் க, அதன்பின் கொம்பு. திரையில் காட்டும்பொழுது கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது காட்டும் கருவியின் கடமை. ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு இவ்விடமாற்றம் வேண்டுவதில்லை. ஆகவே, அவற்றை மட்டும் கருதிச் செய்யப்பட்ட பெட்டிகள் கொம்பை எழுத்துக்குப் பின்னே நிறுத்திவிடுகின்றன. புள்ளியும் சில வேளை இடம் பெயர்ந்து நிற்கின்றது. மலையாள எழுத்துக்கும் இதே கதிதான்.

தமிழ் நன்கு அறிந்த பாட்டி இப்பிழையைக் கண்டு முகம் சுளித்துவிட்டு, மனத்தால் திருத்திப் படித்துக்கொள்வார். தமிழ் எழுத்தைத் திரையிலிருந்தே கற்கத் தொடங்கும் குழந்தையோ என்ன செய்யும்? கண்டதை அப்படியே கற்கும். தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குத் திருத்த ஆசிரியர் உண்டு. மலையாளப் பள்ளியில் பயிலும் எல்லையூர்த் தமிழ்க் குழந்தைக்குத் திரையே ஆசிரியர். ஆதலின் இக்குறையைச் சிறிதென்று விட்டுவிடலாகாது.

இதற்கு மருந்து, எழுத்தைப் படத்தோடு கலந்துவிடுதல். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘சப்டைட்டில்ஸ்’ என்ற பகுதியில் எஸ்ஆர்டி கோப்பைச் சேர்த்து, ‘பர்ன் இன்’ என்பதைக் குறியிட்டு மாற்றினால், எழுத்து படத்தின் பகுதியாகவே அச்சாகிவிடும். அப்பொழுது கொம்பை முன்னே நிறுத்தும் வேலையைக் கணிப்பொறி ஒருமுறை செய்து முடித்துவிடுகின்றது. தொலைக்காட்சிக்குத் தமிழ் தெரிய வேண்டுவதில்லை; அது படத்தைக் காட்டினால் போதும். இதற்குப் படத்தை மீண்டும் சுருக்க வேண்டியிருப்பதால் நேரமும் சிறிது தெளிவும் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும் குழந்தை பிழையின்றி எழுத்தைக் காண்பதற்கு அவ்விலை தகும். முதல் ஒரு நிமிடத்தை மாற்றி, ‘கெ’, ‘கொ’, ‘கை’ போன்ற எழுத்துகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு மேலே செல்க.

மருந்து இல்லாத இடமும் ஒன்று உண்டு. படங்களைக் கட்டணத்திற்கு வழங்கும் செயலிகளில் ‘பதிவிறக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் கிடைப்பது பூட்டிய கோப்பு; அச்செயலிக்குள் மட்டுமே அது திறக்கும். பென் டிரைவில் ஏற்றினால் எந்தத் தொலைக்காட்சியும் அதனை இயக்காது. இது குறையன்று, உரிமையாளர் இட்ட பூட்டு. ஆதலின் நாம் இங்குக் கூறியன எல்லாம் நாமே பிடித்த படங்களுக்கும், பதிவிறக்கிப் பரப்ப உரிமையாளர் இசைவளித்த பாடங்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

இத்தனையும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கற்றுச் செய்வது இயலுமா என்று நேயர்கள் வினவலாம். இயலாது, வேண்டுவதுமில்லை. 1945-ஆம் ஆண்டு பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்துச் சிற்றூர்களில் படிப்பகங்கள் பெருகியிருக்கின்றன. கேரளப் பள்ளிகளில் மாணவர் திறந்த மென்பொருளைக் கொண்டே கணிப்பொறி பயிலுகின்றனர். படிப்பகத்திலுள்ள ஒரு கணிப்பொறியும், ஆர்வமுள்ள மேல்வகுப்பு மாணவர் ஒருவரும் இருந்தால் ஊர் முழுவதற்கும் போதும். ஒருமுறை ஒழுங்குபடுத்திய பாடத்தைப் பல பென் டிரைவுகளில் படியெடுத்து, நூலை வழங்குவதுபோல வீடுகளுக்கு வழங்கலாம்.

அவ்வாறு ஆயத்தம் செய்வோர் கைக்கொள்ள வேண்டிய பொது உருவத்தை முடிவாகக் கூறுவோம். பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்கட்டும். தனிக்கோப்பு 4 ஜிகாபைட்டுக்குக் குறைவாக இருக்கட்டும். பெட்டி எம்பி4, படம் எச்.264, 8 பிட். ஒலி ஏஏசி, இரு தடம். தமிழ் எழுத்து படத்தோடு கலந்தது. பாடங்களுக்கு 720 வரித் தெளிவு போதும். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் வைத்தால் அரை மணி நேரப் பாடம் ஏறத்தாழ 450 மெகாபைட்டு ஆகும். 32 ஜிகாபைட்டு பென் டிரைவ் ஒன்றில் அத்தகைய பாடங்கள் அறுபதுக்கு மேல் அடங்கும். பழைய பெட்டியானாலும் புதிய பெட்டியானாலும் இவ்வுருவத்தை மறுப்பது அரிது.

ஒலி கேளாமல் பேரன் அலுத்துப்போன அந்த வீட்டில், ஒலியை மட்டும் ஏஏசியாக மாற்றி மறுநாள் கொடுத்தோம். பாட்டியும் பேரனும் அமர்ந்து கேட்டனர். தொலைக்காட்சிப் பெட்டி பழையதுதான், கோப்பும் பழையதுதான். இடையே இருந்த ஒரு தடை மட்டும் நீங்கிற்று. உங்கள் வீட்டிலும் பெட்டியைக் குறைகூறுமுன், ஐந்து வாயில்களில் எது அடைத்திருக்கின்றது என்று ஒருமுறை பாருங்கள்.